பெட்டியோடு வந்தவர்கள்

கண் பொறுத்துக்கொள்ளும், காது பொறுக்காது. நொடிக்கு 24 படம் ஓடினால் போதும், கண் அதை அசைவென்று நம்பிவிடும். நடுவில் ஒரு படம் தவறினால் பலருக்குத் தெரியவே தெரியாது. காதின் கணக்கு வேறு. இடைவிடாமல் வரும் ஓசையில் இரண்டு மூன்று மில்லிநொடிக்கு ஓட்டை விழுந்தாலே அது பிடித்துவிடும். ஒரு நொடியை ஆயிரம் கூறு போட்டு, அதில் மூன்று கூறு. கணினியில் ஏதோ சரியில்லை என்ற சேதி பலசமயம் காது வழியாகத்தான் முதலில் வந்து சேர்கிறது.

என் வேலையில் பெரும்பங்கு ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தில் இறக்குவது. செய்யாறு, வந்தவாசிப் பக்கத்துக் கூத்துகள், கிழவிகள் பாடிய ஒப்பாரிகள், உடுக்கைப் பாட்டுகள். நண்பர்கள் இரவெல்லாம் விழித்திருந்து பதிவுசெய்து கொண்டுவருவார்கள். நான் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியையும் நான்கைந்து தடவை திருப்பிப்போட்டுக் கேட்டு எழுதுவேன். ஆட்டக்காரர் மூச்சு வாங்கும் இடம், பின்பாட்டுக்காரர் ஒரு சொல்லை விழுங்கும் இடம், இதெல்லாம் கேட்டால்தான் பாடம் சரியாக வரும். புதிதாக வாங்கிய மடிக்கணினியில் கர்ண மோட்சம் பதிவு ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, முகவீணை இழுத்துப் பிடித்திருந்த சுரத்தின் நடுவே சின்னதாக ஒரு வெட்டு. கொஞ்ச நேரம் கழித்து, பொன்னுருவி பேசும் இடத்தில் இன்னொன்று. ஏறக்குறைய அரை நிமிடத்துக்கு ஒருமுறை அது வந்துகொண்டிருந்தது. அதே சமயம் திரையில் கர்சரும் ஒரு கணம் நின்று, பிறகு தாவிப் போய் வேறிடத்தில் நின்றது.

எனக்கு முதலில் வந்த பயம் கணினியைப் பற்றியதல்ல. பதிவே கெட்டுப்போயிருந்தால் என்ன செய்வது? விடிய விடிய நடந்த கூத்து அது. ஆடியவர்களில் மூத்தவர் இப்போது இல்லை. கோப்பைப் பென்டிரைவில் போட்டுப் பழைய கணினியில் ஓடவிட்டேன். பிசிறில்லாமல் ஓடியது. நினைவகம் பாதி, வேகம் பாதி, மூடியின் கீல் ஒருபக்கம் விட்டுப்போன அந்தப் பழைய கருவி ஒரு சுரத்தைக்கூட விடாமல் பாடியது. ஆக, பதிவில் குறையில்லை. காசு கூடக் கொடுத்து வாங்கிய புதுக் கருவிதான் திக்குகிறது.

சென்னை ரிச்சி தெருவில் பழக்கமான ஒரு தம்பி கடை வைத்திருக்கிறார். கருவியைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்தார். "ஹார்டுவேர்ல ஒண்ணுமே இல்லண்ணே. கம்பெனிக்காரன் போட்டுக் குடுத்ததெல்லாம் உள்ள ஓடிட்டு இருக்கு. புது மெஷின் எது வந்தாலும் நாங்க முதல்ல அதத்தான் தூக்குவோம்" என்றார். வாங்குகிறவர்களுக்கு இது தெரியுமா என்று கேட்டேன். "யாருக்குண்ணே தெரியும்? ஸ்டக் ஆகுதுன்னு கொண்டுவருவாங்க. ரேம் கூட்டிப் போடுங்கன்னு அவங்களே சொல்லுவாங்க. ரேம் போட்டா மட்டும் அது போயிடுமா?"

போகாது. மெதுவாக ஓடும் கணினியும் திக்கி ஓடும் கணினியும் வேறு வேறு. மெதுவாக ஓடுவதற்குத் திராணி போதாமை காரணமாக இருக்கலாம். திக்குவதற்குத் திராணி ஒரு பொருட்டே அல்ல. எவ்வளவு வேகமான செயலியாக இருந்தாலும், அது வேலைக்குத் தேவைப்படும் அந்த நொடிப்பிளவில் வேறு யாராவது அதைப் பிடித்து வைத்துக்கொண்டால் ஓசை அறுபடும். விண்டோஸ் ஓசையைப் பொதுவாகப் பத்து மில்லிநொடிக் கட்டுகளாகப் பிரித்து அனுப்புகிறது. நொடிக்கு 48,000 மாதிரிகள் என்று வைத்தால் ஒரு கட்டுக்கு 480. ஒரு கட்டு ஒலித்து முடிவதற்குள் அடுத்த கட்டு தயாராக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒலிபெருக்கிக்குக் கொடுக்க ஒன்றுமில்லை. அதுதான் நம் காதில் 'டிக்' என்று விழுகிறது. படத்துக்கும் இதே நிலைமைதான்: நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் ஒரு படத்துக்குக் கிடைப்பது 16.7 மில்லிநொடி.

இந்தப் பத்து மில்லிநொடிக்குள் குறுக்கே வர யாருக்கு அதிகாரம் உண்டு? நாம் திறந்துவைத்திருக்கும் சாதாரண மென்பொருள்களுக்குப் பெரும்பாலும் கிடையாது. வன்பொருளோடு நேரடியாகப் பேசும் டிரைவர்களுக்கு உண்டு. அவை கூப்பிட்டால் செயலி கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். அதனால்தான் டிரைவர் எழுதுபவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் ஒரு வரம்பு சொல்லிவைத்திருக்கிறது: அப்படிக் கூப்பிட்டு, கொஞ்சம் ஒத்திவைத்துச் செய்யவைக்கும் வேலை ஒவ்வொன்றும் 100 மைக்ரோநொடிக்குள் முடிய வேண்டும், அதாவது ஒரு மில்லிநொடியில் பத்தில் ஒரு பங்கு. இந்த வரம்பை மீறுகிறவர்கள் யாரென்று பார்ப்பதற்கு லேட்டன்சிமான் என்ற இலவசக் கருவி இருக்கிறது. ஓடவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தால் எந்த டிரைவர் எவ்வளவு நேரம் பிடித்து வைத்திருந்தது என்று பட்டியல் போட்டுக் காட்டும். என் கருவியில் பட்டியலின் தலையில் இருந்தது ஏசிபிஐ. மின்சாரம், சூடு, பேட்டரி, மின்விசிறி இவற்றையெல்லாம் கவனிக்கும் அடித்தளம் அது. அதன்மேல் குற்றம் சொல்வதில் பயனில்லை. அதைப் போய்ப் போய்க் கூப்பிடுவது யார் என்றுதான் பார்க்க வேண்டும்.

மடிக்கணினிகளில் விசைப்பலகை, பேட்டரி, மின்விசிறி இவற்றைக் கவனிக்க முதன்மைச் செயலியிலிருந்து தனியாக ஒரு சின்னச் சில்லு இருக்கும். அது மிகவும் நிதானமானது. அதனிடம் கேள்வி கேட்டுப் பதில் வாங்குவதற்கு ஆகும் நேரம், முதன்மைச் செயலியின் கணக்கில் ஒரு யுகம். தயாரிப்பாளர் பெட்டியோடு கொடுத்துவிடும் 'கட்டுப்பாட்டு மையம்' வகை மென்பொருள்கள் சில விநாடிகளுக்கொருமுறை இந்தச் சில்லை எழுப்பி, சூடு எவ்வளவு, விசிறி எவ்வளவு வேகம், பேட்டரி எத்தனை சதவீதம் என்று விசாரிக்கின்றன. அந்தப் பதில்களைக் காட்டும் சாளரத்தை நாம் திறக்காவிட்டாலும் விசாரணை நிற்பதில்லை. சில கருவிகளில் இந்த விசாரணை இன்னும் ஆழத்துக்குப் போய்விடுகிறது. இன்டெல் 1990இல் 386எஸ்எல் செயலியோடு கொண்டுவந்த ஒரு நிலை உண்டு. அதற்குள் போய்விட்டால் விண்டோஸ், லினக்ஸ் எதுவாக இருந்தாலும் அப்படியே உறைந்து நிற்கும். வெளியே வந்த பிறகும் நடுவில் நேரம் போனது இயங்குதளத்துக்குத் தெரியாது. போன நேரத்துக்குக் கணக்கெழுத உள்ளே ஆள் இல்லை. வெளியே உட்கார்ந்திருக்கும் மனிதரின் காதுக்கு மட்டும் தெரியும்.

இதை நான் மிகையாகச் சொல்லவில்லை. 2025 செப்டம்பரில் ஆசுஸ் நிறுவனத்தின் ரோக் வகை மடிக்கணினிகளைப் பற்றி ஒரு பயனர் விரிவான ஆய்வை வெளியிட்டார். விலை உயர்ந்த, விளையாட்டுக்கென்றே செய்யப்பட்ட கருவிகள் அவை. யூடியூப் பார்த்தால்கூடத் திக்குகின்றன என்று வாங்கியவர்கள் வருடக்கணக்கில் புலம்பிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பயனர், கருவியின் அடிநிலை நிரலைப் பிரித்துப் படித்து, கண நேரத்தில் முடிக்க வேண்டிய ஒரு வேலைக்குள்ளேயே 'பொறுத்திரு' என்ற கட்டளை உட்கார்ந்திருப்பதைக் காட்டினார். நிறுவனம் பிரச்சினையை ஒப்புக்கொண்டு திருத்தம் அனுப்பத் தொடங்கியது. அதுவரை வாங்கியவர்களுக்குக் கிடைத்த ஆலோசனைகள் எல்லோருக்கும் கிடைப்பவைதான்: விண்டோஸைத் திரும்பப் போடுங்கள், டிரைவரைப் புதுப்பியுங்கள்.

என் கருவிக்கு வருகிறேன். திக்கல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க அறிவாளியாக இருக்க வேண்டியதில்லை, பொறுமை இருந்தால் போதும். விண்டோஸில் சிஸ்டம் கான்ஃபிகரேஷன் என்ற பழைய சாளரம் ஒன்று உண்டு. அதில் சேவைகள் பட்டியலைத் திறந்து, மைக்ரோசாஃப்டுக்குச் சொந்தமானவற்றை மறைக்கச் சொன்னால் மிச்சமிருப்பவை வெளியிலிருந்து வந்தவை. நான் எதையுமே நிறுவாத புதுக் கருவியில் அந்தப் பட்டியல் திரையைத் தாண்டி நீண்டது. பெயர்களைப் படித்தேன். ஒன்று உதவியாளர், ஒன்று மேம்படுத்தி, ஒன்று புதுப்பிப்பவர், ஒன்று ஓசையைச் செழுமைப்படுத்துபவர், ஒன்று வலைப்போக்குவரத்தை ஒழுங்குசெய்பவர், ஒன்று 'அனுபவ'த்தை அளந்து எங்கோ அனுப்புபவர். டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் இவற்றில் எதுவும் செயலியில் ஒரு சதவீதம்கூட எடுக்கவில்லை. இங்கேதான் பலரும் தேடலை நிறுத்திவிடுகிறார்கள். சதவீதம் என்பது சராசரி. அரை நிமிடத்துக்கொருமுறை முப்பது மில்லிநொடி பிடித்து நிறுத்துகிறவன் சராசரியில் பூஜ்யமாகத்தான் தெரிவான்.

பாதிச் சேவைகளை நிறுத்திவிட்டுக் கருவியை மறுதொடக்கம் செய்ய வேண்டும். ஒரு நீண்ட சுரத்தை ஓடவிட்டுக் கேட்க வேண்டும். 'டிக்' வருகிறதா? வந்தால் குற்றவாளி ஓடிக்கொண்டிருக்கும் பாதியில் இருக்கிறான். வராவிட்டால் நிறுத்திய பாதியில். அந்தப் பாதியை மறுபடி இரண்டாக்க வேண்டும். இப்படியே குறைத்துக்கொண்டு வந்தால் கடைசியில் ஒரே பெயர் மிஞ்சும். எனக்கு மிஞ்சியது கருவியின் 'நலத்தைக் கவனித்துக்கொள்ளும்' ஒரு சேவை. அதை நிறுத்தினேன், ஓசை ஒழுங்காயிற்று. கொஞ்ச நேரத்தில் மறுபடி டிக். இன்னொரு சேவையின் வேலையே முதலாவது செத்துவிட்டால் எழுப்பிவிடுவது. இரண்டையும் சேர்த்து நீக்கிய பிறகுதான் முகவீணை முழுசாகக் கேட்டது.

அதோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். அடுத்த விண்டோஸ் புதுப்பிப்பு வந்தபோது நீக்கிய இரண்டும் பழைய இடத்தில் உட்கார்ந்திருந்தன. நான் கேட்கவில்லை, என்னையும் யாரும் கேட்கவில்லை. காரணம் இரண்டு வழிகள். ஒன்று, விண்டோஸ் டிரைவர்களைத் தேடி எடுக்கும்போது தயாரிப்பாளரின் மென்பொருள்களையும் சேர்த்துக் கொண்டுவந்துவிடும். டிவைஸ் இன்ஸ்டலேஷன் செட்டிங்ஸ் என்ற இடத்துக்குப் போய் 'வேண்டாம்' என்று சொன்னால் அது நிற்கும். இரண்டாவது வழி இன்னும் தீவிரமானது. விண்டோஸ் 8 காலத்திலிருந்து, கணினியின் அடிநிலை நிரலான பயாஸுக்குள்ளேயே ஒரு நிரலை ஒளித்துவைத்து, விண்டோஸ் தொடங்கும் ஒவ்வொரு முறையும் அதை ஓடவைக்கத் தயாரிப்பாளர்களுக்கு வழி செய்து தரப்பட்டிருக்கிறது. வட்டையே கழற்றி எறிந்துவிட்டுப் புது வட்டில் சுத்தமான விண்டோஸைப் போட்டாலும் அது திரும்ப வரும். திருட்டுப்போன கருவியைக் கண்டுபிடிக்க உதவும் மென்பொருளுக்கு இப்படி ஒரு வழி தேவை என்பது நியாயமான வாதம்தான். ஆனால் 2015இல் லெனோவோ இதே வழியில் தன் மென்பொருளைச் சில மாதிரிகளில் நுழைத்தது வெளிவந்து, பிறகு அதை நீக்கும் ஃபர்ம்வேரை வெளியிட வேண்டியிருந்தது. சில கருவிகளின் பயாஸில் இந்த ஏற்பாட்டை அணைக்க ஒரு விருப்பத்தேர்வு இருக்கிறது. அது இல்லாத கருவியை வாங்கியவர்கள் பாடு கஷ்டம்தான்.

ஒரு வீடு வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பணம் முழுக்கக் கட்டி, பத்திரம் பதிந்து, பால் காய்ச்சப் போனால் உள்ளே நாலைந்து குடும்பங்கள் குடியிருக்கின்றன. போகச் சொன்னால் போவார்கள், இரவோடு இரவாகத் திரும்பி வருவார்கள். வீட்டைக் கட்டியவரிடம் இன்னொரு சாவி இருக்கிறது. வீட்டு விஷயத்தில் இதை எந்த மனிதரும் ஒத்துக்கொள்ள மாட்டார். கணினியில் நாம் எல்லோரும் ஒத்துக்கொண்டிருக்கிறோம்.

இது எப்படி வந்தது என்று தேடிப்போனால் ஒரு வழக்கில் போய் நிற்கிறது. 1996 வாக்கில் மைக்ரோசாஃப்ட், கணினித் தயாரிப்பாளர்கள் விண்டோஸின் முதல் திரையில் கைவைக்கக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டது. ஹ்யூலெட்-பேக்கர்ட் போன்றவர்கள் புதிதாகக் கணினி தொடுகிறவர்களுக்காகச் செய்துவைத்திருந்த எளிய வரவேற்புத் திரைகளைக்கூட எடுக்க வேண்டியதாயிற்று. 1998இல் அமெரிக்க நீதித்துறையும் மாநிலங்களும் தொடுத்த வழக்கில் இந்தக் கட்டுப்பாடு ஒரு முக்கியமான குற்றச்சாட்டு. 2001இல் சமரசம் எட்டப்பட்டது, 2002இல் நீதிமன்றம் ஏற்றது. திரையில் என்ன இருக்கலாம் என்பதில் தயாரிப்பாளர்களின் கை ஓங்கியது. மைக்ரோசாஃப்டின் பிடியைத் தளர்த்தியது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் திரை மைக்ரோசாஃப்டுக்கா, தயாரிப்பாளருக்கா என்ற அந்தச் சண்டையில், திரைக்கு முன்னால் உட்காரப்போகிறவருக்கு அதில் என்ன உரிமை என்ற கேள்வி நடுவே நழுவிவிட்டது. வழக்கு அவருடைய பெயரால்தான் நடந்தது.

பிறகு சந்தை தன் வேலையைச் செய்தது. மடிக்கணினி விற்பதில் கிடைக்கும் லாபம் மெல்லியது. ஆன்டிவைரஸ் கம்பெனிகள், தேடுபொறிகள், விளையாட்டுக் கம்பெனிகள் எல்லாம் முதல் திரையில் இடம் பிடிக்கப் பணம் கொடுத்தன. தயாரிப்பாளர்கள் வாங்கிக்கொண்டார்கள். 2008இல் சோனி தன் வாயோ மடிக்கணினி ஒன்றுக்கு, கூடுதல் மென்பொருள் எதுவும் இல்லாமல் தருவதற்கு 49.99 டாலர் தனிக் கட்டணம் என்று அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் கட்டணத்தை விட்டுக்கொடுத்தது. 2012இல் மைக்ரோசாஃப்ட் தன் சொந்தக் கடைகளில், வாடிக்கையாளர் கொண்டுவரும் கணினியிலிருந்து இவற்றையெல்லாம் துடைத்துத் தர 99 டாலர் வாங்கியது. சுத்தத்துக்கு விலை இருக்கிறது என்பதை இந்த இரண்டு கம்பெனிகளும் தங்கள் விலைப்பட்டியலிலேயே எழுதிக்காட்டின. அந்த விலையை நாம் எல்லோரும் நேரமாக, எரிச்சலாக, தேவையில்லாமல் போட்ட ரேமாகக் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

திக்கல் மட்டும்தான் என்றால் எரிச்சலோடு போய்விடும். வெளியே தெரிகிற அறிகுறி அது, அவ்வளவுதான். லெனோவோ 2014 செப்டம்பரிலிருந்து சில மாதங்கள் விற்ற மடிக்கணினிகளில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள் இருந்தது. பாதுகாப்பான இணைப்புகளுக்கு நடுவிலும் நுழைந்து விளம்பரம் செருகுவதற்காக அது தனக்குத்தானே ஒரு மூலச் சான்றிதழை நிறுவிக்கொண்டது. எல்லாக் கருவிகளிலும் அதே ஒரே சாவி. 2015 பிப்ரவரியில் அந்தச் சாவியின் கடவுச்சொல்லை ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் உடைத்துக் காட்டினார். அதாவது காப்பிக் கடையின் வைஃபையில் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருப்பவர் உங்கள் வங்கிக் கணக்கைப் படிக்க முடிந்தது. 2017இல் அமெரிக்க மாநிலங்களுக்கு 35 லட்சம் டாலர் கொடுத்து அந்த விவகாரம் முடிந்தது. அதே 2017இல் ஹெச்பி மடிக்கணினிகள் சிலவற்றில் ஒலி டிரைவரோடு வந்த ஒரு நிரல், அடிக்கும் ஒவ்வொரு விசையையும் ஒரு கோப்பில் எழுதிவைத்துக்கொண்டிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. மைக்கை அணைக்கும், திறக்கும் விசை அழுத்தப்பட்டதா என்று பார்ப்பதற்கு அப்படி எழுதியிருந்தார்கள். கெட்ட எண்ணம் இல்லை, கவனமின்மை. ஆனால் கடவுச்சொல் எழுதப்பட்டது எழுதப்பட்டதுதான். 2016இல் டுவோ செக்யூரிட்டி என்ற நிறுவனம் ஏசர், ஆசுஸ், டெல், ஹெச்பி, லெனோவோ ஐந்தின் புதுப்பிப்பு மென்பொருள்களையும் பரிசோதித்தது. ஐந்திலும் வெளியாள் முழு அதிகாரத்தோடு உள்ளே நுழைய வழி இருந்தது. 2018இல் ஆசுஸின் புதுப்பிப்பு வழங்கியைக் கைப்பற்றியவர்கள் அந்த நிறுவனத்தின் முத்திரையோடே நச்சு நிரலை அனுப்பினார்கள்; காஸ்பர்ஸ்கி அதை 2019இல் வெளியிட்டது. கருவியின் ஆழத்தில் அதிகாரத்தோடு உட்கார்ந்திருக்கும் ஒரு நிரல், அவசரமாக எழுதப்பட்டு, கருவி விற்றுப்போன பிறகு யாராலும் கவனிக்கப்படாமல் இருந்தால் இப்படித்தான் ஆகும். திக்க வைக்கிற அலட்சியமும் திறந்துவிடுகிற அலட்சியமும் ஒரே பட்டறையிலிருந்து வருகின்றன.

தயாரிப்பாளர் போடுவதெல்லாம் குப்பை என்று நான் சொல்ல வரவில்லை. திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் விசைகள் வேலை செய்ய ஒரு சின்ன நிரல் தேவை. கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் நீக்கினால் அந்த விசைகள் செத்துப்போகும். பேட்டரியை 80 சதவீதத்தோடு நிறுத்தி அதன் ஆயுளைக் காக்கும் ஏற்பாடு பயனுள்ளது. பயாஸ் புதுப்பிப்பு தேவை. இவை ஒவ்வொன்றும் சில மெகாபைட்டில் அடங்கக்கூடிய வேலைகள். இவற்றைத் தனித்தனியாகக் கொடுக்காமல், விளம்பரமும் உளவும் ஆன்டிவைரஸ் சோதனைப் பதிப்பும் சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுப்பதில்தான் வஞ்சனை இருக்கிறது. தேவையான ஒன்றுக்காகத் தேவையற்ற ஒன்பதையும் வைத்துக்கொள்ள வேண்டியதாகிறது.

இதில் என்னை உறுத்துவது பணமோ மில்லிநொடியோ இல்லை. கணினி திக்கும்போது நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் சொல்வது என்ன? "எனக்குத்தான் சரியாப் பயன்படுத்தத் தெரியல." 2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது, ஏராளமான வீடுகளுக்குள் முதன்முதலாகக் கணினி நுழைந்தது. அந்த வீடுகளில் விளக்கம் கேட்க யாரும் இல்லை. அப்படித் தொடங்கிய ஒரு தலைமுறை இன்று சொந்தக் காசில், தவணை கட்டி, இரண்டாவது மூன்றாவது கருவியை வாங்கிக்கொண்டிருக்கிறது. ஆன்லைன் நேர்முகத் தேர்வில் பேச்சு அறுபட்டால் தன் இணைப்பைச் சந்தேகப்படுகிறது, தன் ஆங்கிலத்தைச் சந்தேகப்படுகிறது, கடைசியில் தன்னையே சந்தேகப்படுகிறது. பெட்டி கட்டும்போதே உள்ளே வைக்கப்பட்ட ஒரு சேவையால் அந்தத் தேர்வில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் பதிலில் ஒரு சொல் காணாமல் போயிருக்கலாம் என்று அவளுக்கு யாரும் சொல்வதில்லை. தெரிந்தவர்கள் ரிச்சி தெருவில் இருக்கிறார்கள், ஐ.டி. கம்பெனிகளில் இருக்கிறார்கள். அவர்கள் தங்கள் கருவியைத் துடைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

நீக்க முடியாத செயலி என்பதைப் பற்றி இந்தியாவில் உரக்க ஒரு விவாதம் நடந்தது, அண்மையில்தான். 2025 நவம்பர் இறுதியில் தொலைத்தொடர்புத் துறை, விற்கப்படும் ஒவ்வொரு கைப்பேசியிலும் அரசின் சஞ்சார் சாத்தி செயலியை முன்பே நிறுவித் தர வேண்டும் என்று உத்தரவிட்டது. எதிர்ப்பு கடுமையாக எழுந்து, டிசம்பர் 3ஆம் தேதி அந்தக் கட்டாயம் திரும்பப் பெறப்பட்டது. அரசு நம் கருவிக்குள் கேட்காமல் வரக்கூடாது என்பதில் கட்சி பேதமில்லாமல் பலர் ஒன்றாக நின்றார்கள். அதே கைப்பேசியில், அதே மடிக்கணினியில், கம்பெனி கேட்காமல் வந்து உட்கார்ந்திருப்பதைப் பற்றி அந்த வாரத்தில் யாரும் பெரிதாகப் பேசவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2024 மார்ச்சிலிருந்து பெரும் நிறுவனங்களைச் சட்டத்தால் கட்டிப்போட்டிருக்கிறது. அங்கே விண்டோஸிலிருந்து எட்ஜ் உலாவியைக்கூட நீக்கலாம். ஆனால் அந்தச் சட்டமும் மைக்ரோசாஃப்ட் போன்ற பெரும் நிறுவனங்களை மட்டுமே தொடுகிறது, பெட்டி கட்டும் தயாரிப்பாளரைத் தொடவில்லை.

நமக்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, கையில் ஒரு கோல் இருக்கிறது. தமிழக அரசு தன் எல்காட் நிறுவனம் வழியாக மடிக்கணினிகளை லட்சக்கணக்கில் வாங்குகிறது. அந்த அளவுக்கு வாங்குகிறவர் சொன்னால் எந்தத் தயாரிப்பாளரும் கேட்பார். செயலி என்ன, நினைவகம் எவ்வளவு, பேட்டரி எத்தனை மணி நேரம் என்றெல்லாம் டெண்டரில் கேட்கிறவர்கள் இதையும் கேட்கலாம்: சோதனைப் பதிப்புகள் இருக்கக் கூடாது, தயாரிப்பாளரின் ஒவ்வொரு மென்பொருளையும் தனித்தனியாக நீக்க முடிய வேண்டும், நீக்கியது திரும்ப வரக் கூடாது, பயாஸில் ஒளித்துவைத்த நிரல் இருந்தால் அதை அணைக்கும் வழி மாணவருக்குத் தமிழில் எழுதித் தரப்பட வேண்டும். பல்கலைக்கழகங்களும் நூலகங்களும் மொத்தமாக வாங்கும்போது இதையே கேட்கலாம்.

அடுத்து உங்கள் வீட்டுக்கு ஒரு புதுக் கணினி வரும்போது, படம் ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னால் அந்தச் சேவைகள் பட்டியலைத் திறந்து ஒருமுறை படியுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கணினி திக்குகிறது என்று தெரிந்தால் ரேம் போடச் சொல்வதற்கு முன் போய் உட்கார்ந்து பாருங்கள். தப்பு அந்தப் பிள்ளையுடையது அல்ல என்பதை முதலில் சொல்லிவிடுங்கள்.